கூச்சினுக்குத் திரும்பும் விரல்கள்

சீனாவின் சோங் பேரரசின் அமைச்சரும் எழுத்தாளருமான ஓயாங் ஷியூவுக்கு (1007–1072) ஒரு கட்டத்தில் இரண்டு கைகளின் நடுவிரல்களும் இறுகி மடங்கிக்கொண்டன. அடிக்கடி விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் அடைப்பு விலகும், அதற்குக் கூச்சின் என்ற தந்தி வாத்தியத்தை வாசிப்பதுதான் தோதான வேலை என்று மருத்துவர் சொன்னதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். 1047இல் எழுதிய வேறொரு சிறு கட்டுரையில், தொலைதூரப் பதவிக்குக் கிளம்பும் உடல்நலமற்ற நண்பருக்குத் தன் அனுபவத்தைச் சொல்கிறார்: தனக்கும் ஒரு காலத்தில் மனச்சோர்வு நோய் இருந்தது, ஓய்வெடுத்தும் தீரவில்லை, பிறகு நண்பர் ஒருவரிடம் கூச்சினில் சில பாட்டுகள் கற்றுக்கொண்டேன், நாளாக நாளாக அதில் இன்பம் கண்டு நோய் உடம்பில் இருப்பதே தெரியாமல் போயிற்று.

இசையால் நோய் தீரும் என்று பேச வருகிறவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் எடுத்துக்காட்டுவதுண்டு. 1062இல், ஐம்பத்தைந்து வயதில், தன்னிடம் இருந்த மூன்று கூச்சின்களைப் பற்றி அவர் எழுதியதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வாழ்க்கையில் துன்பங்களும் வடக்கும் தெற்குமான ஓட்டங்களுமாகப் போனதில் கற்ற பாட்டெல்லாம் மறந்துவிட்டன; ‘லியூ ஷுய்’, அதாவது ‘ஓடும் நீர்’ என்ற ஒன்று மட்டும் கனவிலும் மறக்கவில்லை; கிழவனான பிறகும் அவ்வப்போது வாசிக்க முடிகிறது என்கிறார். பாட்டுகள் பலவற்றைக் கற்க வேண்டியதில்லை, தனக்கு இதமாக இருந்தால் போதும் என்பதும் அதே கட்டுரையில் வருகிறது. விட்டுப்போன வாத்தியத்துக்குத் திரும்பும் ஒருவருக்கு மருத்துவர் சொன்னதைவிட இது அதிகம் பயன்படும்.

கூச்சின் என்பது சுமார் 120 செ.மீ. நீளமுள்ள, வீணையில் இருப்பதுபோன்ற மெட்டுக்கட்டைகளே இல்லாத, ஏழு தந்தி வாத்தியம். மேசைமேல் கிடத்தி வாசிப்பார்கள். பலரும் இதோடு குழப்பிக்கொள்ளும் கூசெங் வேறு: அதில் 21 தந்திகள், ஒவ்வொன்றுக்கும் நகர்த்தக்கூடிய குதிரை (தந்தியைத் தாங்கும் கட்டை), விரலில் ஒட்டிக்கொள்ளும் செயற்கை நகம், கூடம் நிறைக்கும் சத்தம். கூச்சினின் சத்தமோ அடுத்த அறையில் மின்விசிறி ஓடினாலே மங்கிவிடும். மேற்பலகை பாலோனியா அல்லது ஃபிர் மரம். அடிப்பலகை கடல்பா மரம். இரண்டையும் உள்ளே குடைந்து ஒட்டி, மான்கொம்புப் பொடி கலந்த அரக்குப்பால் பூச்சை அடுக்கடுக்காகப் போடுவார்கள். அரக்கு என்றால் நம்மூர்ச் செவ்வரக்கு அல்ல. மரத்தில் கீறி எடுக்கும் பால், ஒவ்வொரு பூச்சும் ஈரக்காற்றில்தான் இறுகும். வாசிப்பவருக்கு எதிர்ப்பக்க விளிம்பில் சிப்பியிலோ கல்லிலோ பொன்னிலோ பதித்த 13 புள்ளிகள் உண்டு. அவற்றுக்கு ‘ஹுய்’ என்று பெயர். ஓயாங்கின் மூன்று கூச்சின்களில் ஒன்றுக்குப் பொன் ஹுய், ஒன்றுக்குக் கல், ஒன்றுக்குப் பச்சைமணி. முதுமையில் கண்மங்கிய பிறகு அவருக்குப் பிடித்தது கல் ஹுய்தான். விளக்கொளியில் மற்றவை மின்னிக் கண்ணைக் கூசவைத்தன, கல் மட்டும் கூசவில்லை.

அறுந்துபோகவிருந்த இழை

கூச்சினைப் பற்றி எல்லாரும் அறிந்த பழங்கதை, திரும்பாமலே போனவனுடையது. தன் வாசிப்பின் பொருளைச் சொல்லாமலே உணர்ந்த நண்பன் ஜோங் ஸூச்சி இறந்ததும், போ யா தந்திகளை அறுத்து வாத்தியத்தை உடைத்துவிட்டு மறுபடி தொடவேயில்லை. இருபதாம் நூற்றாண்டில் நடந்ததோ நேர்மாறு. உடைத்தது வெளியார் கை. திரும்பி வந்தவர்கள் வாசிப்பவர்கள்.

1956இல் கூச்சின் கலைஞர் ஜா ஃபூஷி தலைமையில் ஒரு சிறு குழு ஊர் ஊராகப் போய்க் கூச்சின் வாசிப்பவர்களைத் தேடி ஒலிப்பதிவு செய்தது. அவ்வளவு பெரிய நாட்டில் அவர்கள் கண்டுபிடித்துப் பதிந்தவர்கள் 80 பேருக்குச் சற்று மேல். பத்தாண்டில் பண்பாட்டுப் புரட்சி வந்தது. நிலவுடைமைக் காலப் பெரியமனிதர்களின் பொழுதுபோக்கு என்று முத்திரை குத்தப்பட்டதால் பலருடைய வாத்தியங்கள் அழிந்தன, சில ஒளித்துவைக்கப்பட்டன. பட்டுத்தந்தி திரிக்கும் தொழிலும் அந்தக் காலத்தில் நின்றுபோனது. இன்று பெரும்பாலோர் கட்டும், எஃகுக் கம்பிமேல் நைலான் சுற்றிய தந்தி அந்த இடைவெளியில் பிறந்ததுதான். 2003 நவம்பரில் யுனெஸ்கோ கூச்சின் கலையை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தபோது, நன்கு பயின்றவர்கள் 1,000 பேருக்கும் குறைவு, எஞ்சிய பேராசான்கள் ஏறக்குறைய 50 பேர்தான் என்று குறித்தது. ஆயிரக்கணக்கில் இருந்த பாட்டுகளில் வழக்கமாக வாசிக்கப்படுபவை நூறு அளவில் சுருங்கியிருந்தன.

அறிவிப்புக்குப் பிறகு கூட்டம் வந்தது. கூடவே தேநீர், ஊதுபத்தி, வெண்பட்டாடை என்று ஒரு வியாபாரமும் வந்தது. இந்த அலங்காரத்தில் தவறில்லை. ஆனால் சுவரில் அழகுக்காக மாட்டி வைத்தே தந்தி துருப்பிடித்துக் கிடக்கும் கூச்சின்கள் இன்று மிக அதிகம். அப்படி ஒன்றை இறக்கி வைப்பதிலிருந்துதான் திரும்புதல் ஆரம்பிக்கிறது.

சுவரிலிருந்து இறக்கியதும்

எட்டுப் பத்து வருடம் தொடாத கூச்சினைப் பார்த்ததும் கை முதலில் துணியைத்தான் தேடும். பொறுக்க வேண்டும். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில், சோங்குக்கு முந்திய தாங் பேரரசுக் காலத்துக் கூச்சின் ஒன்று, ஒழுகும் கூரையின் கீழ் நெடுங்காலம் கிடந்து மேலெல்லாம் வெளுத்து, அரக்கே போய்விட்டதுபோல் இருந்தது. 1940களின் இறுதியில் அதைச் சீர்செய்தவர் கூச்சின் கலைஞர் குவான் பிங்ஹு (1897–1967). மேலே படிந்திருந்த பொருக்கைச் சிறிது சிறிதாகப் பல மாதங்கள் எடுத்தார். கீழே மூல அரக்கு குலையாமல் இருந்தது. வீட்டுக் கூச்சினுக்கு அவ்வளவு தேவைப்படாது என்றாலும் பாடம் அதுதான். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணி போதும். சாராயமோ கண்ணாடி துடைக்கும் திரவமோ மரச்சாமான் மெருகு எண்ணெயோ படக்கூடாது. எண்ணெய் படிந்த பரப்பில் விரல் வழுக்கும்; பிறகு ஒட்டவேண்டிய இடத்தில் புது அரக்கும் ஒட்டாது.

அடுத்தது பலகை. வாத்தியத்தின் வால்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் தந்திகளோடு சேர்த்து நீளவாக்கில் பாருங்கள். மேற்பலகை நடுவில் இலேசாகக் குழிந்திருந்தால் நல்லது, அது அமைப்பிலேயே உண்டு. புடைத்திருந்தால் தொல்லை. தந்திக்கும் பலகைக்கும் இருக்க வேண்டிய இடைவெளிக்கு ஒரு பழைய வாய்பாடு இருக்கிறது: முன்னால் ஒரு விரல், பின்னால் ஒரு தாள். தந்திகள் ஏறிச்செல்லும் வலப்பக்கத் திண்டின் ஓரம் ஒரு விரல் நுழைய வேண்டும். வால் ஓரத்தில் ஒரு காகிதம் நுழைந்தால் போதும். இந்த உயரம் அதிகமானால் தந்தி விரலை எதிர்க்கும், அழுத்தி அழுத்தி இடக்கை நொந்துபோகும். குறைந்தால் தந்தி பலகையில் மோதிச் சடசடக்கும்.

அந்தச் சடசடப்பைச் சோதிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு தந்தியையும் 13ஆம் ஹுய்யிலிருந்து 4ஆம் ஹுய் வரை ஒவ்வொரு இடமாக அழுத்தி, வழக்கத்தைவிடச் சற்று ஓங்கி மீட்டி, எங்கே கரகரப்பு கேட்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தந்தியில் ஒரே இடத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் தந்தியில் நெளிவோ அரக்கில் ஒரு பொட்டுமேடோ இருக்கும். எல்லாத் தந்தியிலும் ஒரே இடம் என்றால் பலகை வீங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் வீங்கியது காற்று உலர்ந்தால் அடங்கிவிடவும் கூடும். ஆகவே ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு இருக்கும் அறையில் தந்திகளைத் தளர்த்திச் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தானே தேய்க்க உட்காருவது எல்லாத் தவறுகளிலும் பெரிது. ஒரு மேட்டைக் குறைத்தால் அதற்கு வலப்பக்கத்தில் இன்னொன்று முளைக்கும், தேய்த்துக்கொண்டே போய்க் கடைசியில் மரம் தெரியும்.

மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் பதற வேண்டாம். அரக்குப் பூச்சில் நூற்றாண்டுகள் போக்கில் விழும் வெடிப்புகளைப் பாம்பு வயிற்று வரி, பசுவின் மயிர், விரிந்த பிளம் பூ என்று வகைபிரித்துப் பெயரிட்டுப் போற்றுகிற உலகம் இது. ஒட்டுவாயில், அதாவது மேற்பலகையும் அடிப்பலகையும் சேரும் பக்கவாட்டில் விரிசல் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படியானால் தந்திகளை உடனே தளர்த்திவிடுங்கள்.

துருப்பிடித்த தந்தியை மாற்றுவதில்தான் பலர் தோற்கிறார்கள். வீணையில் பிருடை எனும் முறுக்காணியைச் சுற்றினால் தந்தியே சுருளும். இங்கே தந்தி பிருடையைத் தொடுவதே இல்லை. முறுக்கிய பட்டுக்கயிற்று வளையம் ஒன்று பிருடையின் துளைவழியே மேலேறித் திண்டின்மேல் வந்து நிற்கும். தந்தியின் நுனியில் ஈயின் தலைபோல ஒரு முடிச்சுப் போட்டு அந்த வளையத்தில் மாட்டுவார்கள். பிருடையைத் திருகினால் கயிறு இன்னும் முறுக்கேறிக் குட்டையாகும், சுருதி ஏறும். இது நுண்ணிய திருத்தத்துக்கு மட்டுமே. பெரிய இழுப்பெல்லாம் மறுமுனையில்தான். தந்தியின் வாலைத் துணியில் சுற்றி, வால் விளிம்பைத் தாண்டி உடல் எடையைக் கொடுத்து இழுத்து, வேண்டிய சுருதிக்குச் சற்று மேலே வந்ததும் அடியிலுள்ள ‘வாத்துக்கால்’ எனும் குமிழ்களில் சுற்ற வேண்டும். சுற்றும்போது சுருதி எப்படியும் சிறிது இறங்கும். வழக்கமான வரிசை 5, 6, 7, பிறகு 1, 2, 3, 4. 5, 6, 7 மூன்றும் வாசிப்பவர் பக்கக் குமிழில், மற்ற நான்கும் அப்பாலுள்ள குமிழில். வெறுங்கையால் இழுத்தால் எஃகு உள்ளங்கையை அறுக்கும். முடிச்சு திண்டின் உச்சியில் நடுவாக உட்கார வேண்டும். உள்பக்கம் சரிந்தால் வெறுந்தந்தியே கரகரக்கும். பிருடை நழுவினால் அதன் மேல்முகத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். கயிற்றைப் பாதி முறுக்கில் வைத்துத் தொடங்குங்கள். முழுமுறுக்கில் வைத்தால் நாளைக்குச் சுருதி ஏற்ற இடமிருக்காது.

மோகனத்தில் ஒரு காலை

கூச்சினின் இயல்பான சுருதி, தடித்த தந்தியிலிருந்து மெல்லியதுவரை, மேற்கத்தியப் பெயரில் சி, டி, எஃப், ஜி, ஏ, சி, டி. மூன்றாம் தந்தியை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் இது ப த ஸ ரி க ப த. ஆம், நம் மோகனத்தின் சுரங்களேதான். தமிழ்க் காதுக்கு இந்த வாத்தியம் முதல் நொடியிலேயே பழகியதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். இடக்கை தந்திமேல் வழுக்கிக்கொண்டே போகும் அழகு கமகத்தை நினைவூட்டினால் அதிலும் வியப்பில்லை. ஆனால் நம் கமகம் சுரத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டும்; இங்கே ஒலி தேய்ந்து கேட்காமல் போன பிறகும் விரல் போய்க்கொண்டிருக்கும்.

சுருதிமானியை ஒரே ஒரு முறை பயன்படுத்தி ஐந்தாம் தந்தியை ஏ சுருதிக்கு, அதாவது 110 ஹெர்ட்ஸுக்கு, வையுங்கள். பட்டுத்தந்தி கட்டியவர்கள் இதைவிடக் கீழேயே நிறுத்துவார்கள், இல்லையென்றால் அறுந்துவிடும். மிச்சத்தைக் காதே செய்யும். தந்தியை அழுத்தாமல் ஹுய்க்கு நேரே இலேசாகத் தொட்டு மீட்டும்போது எழும் மணியொலிக்குச் சீனத்தில் ‘மிதக்கும் ஒலி’ என்று பெயர். ஐந்தாம் தந்தியின் 10ஆம் ஹுய் மிதப்பொலியும் ஏழாம் தந்தியின் 9ஆம் ஹுய் மிதப்பொலியும் ஒன்றாக வேண்டும். பிறகு ஏழின் 7ஆம் ஹுய்யும் நான்கின் 9ஆம் ஹுய்யும். நான்கின் 9ஆம் ஹுய்யும் இரண்டின் 10ஆம் ஹுய்யும். நான்கின் 10ஆம் ஹுய்யும் ஆறின் 9ஆம் ஹுய்யும். ஆறின் 7ஆம் ஹுய்யும் மூன்றின் 9ஆம் ஹுய்யும். மூன்றின் 9ஆம் ஹுய்யும் ஒன்றின் 10ஆம் ஹுய்யும். இரண்டு ஒலிகளும் கிட்டத்தட்ட சேர்ந்திருக்கும்போது அலையலையாக ஒரு துடிப்பு கேட்கும். பிருடையைத் திருகத் திருகத் துடிப்பு மெதுவாகி நின்றுவிடும். நின்ற இடம்தான் சரியான இடம்.

கணக்கு எளிது. 9ஆம் ஹுய் தந்தியை மூன்றில் ஒரு பங்கிலும், 10ஆம் ஹுய் நான்கில் ஒரு பங்கிலும் தொடுகின்றன. அதனால் ஒன்று மும்மடங்கு அதிர்வையும் மற்றொன்று நான்மடங்கு அதிர்வையும் தரும். ஷட்ஜம–மத்தியம உறவுள்ள எந்த இரு தந்தியும் இந்த இரு புள்ளிகளில் சந்தித்தே தீரும். திரும்பி வருபவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்றுண்டு. எல்லாம் சேர்த்து முடித்த மகிழ்ச்சியில் மூன்றாம் தந்தியின் 11ஆம் ஹுய்யையும் ஐந்தாம் தந்தியின் 10ஆம் ஹுய்யையும் ஒப்பிடுவார்கள். அது மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும். காது கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். காதில் குறையில்லை. நான்கு சுர இடைவெளிகளை அடுக்கிச் சேர்த்த காந்தாரமும் இயற்கைக் காந்தாரமும் 81க்கு 80 என்ற விகிதத்தில் வேறுபடுகின்றன. அது எண்களின் குணம், விட்டுவிடலாம்.

இந்தச் சுருதி சேர்ப்பு கைபழகாதவருக்கு இருபது நிமிடம் பிடிக்கும். முதல் வாரம் முழுக்க இதை மட்டுமே செய்தாலும் நேரம் வீணல்ல. இடக்கை எடையில்லாமல் தொடுகிறது, வலக்கை ஒரே அளவில் மீட்டுகிறது, காது தேய்ந்துபோகும் ஒலியின் கடைசி இழைவரை பின்தொடர்கிறது. ஆசிரியர்கள் பெயர்வைத்துச் சொல்லித்தரும் பல பயிற்சிகள் இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

கை

உடம்பின் நடுவை 4ஆம், 5ஆம் ஹுய்களுக்கு நேராக வைத்து உட்கார வேண்டும். மேசை சாப்பாட்டு மேசையைவிடத் தாழ்வாக, 66 முதல் 70 செ.மீ. இருப்பது நல்லது. சாப்பாட்டு மேசையிலேயே வைத்து வாசித்தால் தோள் தூக்கும், ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடிக்கும். பிறகு பழி வாத்தியத்தின்மேல் விழும்.

வலக்கைக்கு அடிப்படை மீட்டுகள் எட்டு: கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் நான்குக்கும் உள்நோக்கி ஒன்று, வெளிநோக்கி ஒன்று. சுண்டுவிரலுக்கு வேலையில்லை, ‘விலக்கப்பட்ட விரல்’ என்றே பெயர். நகம் விரல்நுனியைத் தாண்டி 2, 3 மி.மீ. இருந்தால் போதும். நகத்தை வெட்டியே பழகியவர்கள் வளர்ந்து வரும்வரை சதையால் வாசிக்கட்டும், ஒலி மந்தமாக இருக்குமே தவிரக் குற்றமில்லை.

சிக்கல் இடக்கையில். கட்டைவிரலின் நகமும் சதையும் சேரும் ஓரம், மோதிரவிரலின் பக்கவாட்டு, பிறகு மேல் ஹுய்களில் மோதிரவிரலை மடக்கி முதல் கணுவின் முதுகால் அழுத்தும் ‘மண்டியிட்ட விரல்’: மூன்று இடத்திலும் முன்பிருந்த காய்ப்பு போய்விட்டிருக்கும். பழைய வேகத்தில் ஒரு மணி நேரம் வாசித்தால் மூன்றாம் நாள் கொப்புளம், ஐந்தாம் நாள் வெறுப்பு. காலையும் மாலையும் 15 நிமிடம் வீதம் மூன்று வாரம் போனால் தோல் தானாக இறுகும். மண்டியிட்ட விரலை முதல் மாதம் தொடவே வேண்டாம். கட்டைவிரலின் அடிமூட்டு வலித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: விரல் பலகையைக் கிள்ளுகிறது. அழுத்தம் தோளிலிருந்து தொங்கும் கையின் எடையாக வர வேண்டும்.

ஞாபகத்தின் விஷயம் விசித்திரமானது. தலை மறந்ததைக் கை வைத்திருக்கும். கண்ணை ஏட்டில் வைத்தால் கை தடுமாறும், எடுத்தால் இரண்டு வரி தானாக ஓடும், மூன்றாவது வரியில் அறுந்துபோகும். அறுந்த இடத்திலிருந்து பின்னோக்கிக் கட்டுவதுதான் பலன் தரும். பாட்டின் கடைசிப் பகுதியை முதலில் எழுப்பி, அதற்கு முந்தியதை அதோடு கோத்துக்கொண்டு வந்தால், வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவோம். முன்னிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் விழுந்துதான் நிற்க வேண்டும்.

ஐந்து சுரமும் ஐந்து உறுப்பும்

சீன மருத்துவத்தின் மூலநூல் ஐந்து சுரங்களை ஐந்து உறுப்புகளோடு இணைக்கிறது: கோங் மண்ணீரலுக்கு, ஷாங் நுரையீரலுக்கு, ஜுவே கல்லீரலுக்கு, ஜி இதயத்துக்கு, யூ சிறுநீரகத்துக்கு. கூச்சினின் முதல் ஐந்து தந்திகளுக்கும் இதே ஐந்து பெயர்கள்தான். ஆகவே முதல் தந்தியை மீட்டினால் மண்ணீரல் தெளியும் என்று பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஒலித்தட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதை மருத்துவத்தால் மறுக்க வேண்டியதே இல்லை, வாத்தியமே மறுக்கும். மேலே சொன்ன இயல்பான சுருதியில் ஆதார சுரமான கோங் ஒலிப்பது மூன்றாம் தந்தியில். ‘கோங்’ என்ற பெயர் தாங்கிய முதல் தந்தியில் ஒலிப்பது ஜி. பெயர்ப்பலகை ஒரு கடையில், சரக்கு வேறு கடையில். மண்ணீரலைத் தேடி மீட்டுகிறவர் அவர்கள் கணக்கிலேயே இதயத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் ஓயாங்குக்கு என்ன நடந்தது? அவர் நோய் போய்விட்டது என்று சொல்லவில்லை, இருப்பது தெரியவில்லை என்றார். அந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. சோர்வில் இருப்பவரின் மனம் ஒரே எண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வரும். கூச்சின் அதற்கு இடம் கொடுப்பதில்லை. சத்தம் குறைவு, ஆகவே அறையை அமைதியாக்க வேண்டியிருக்கிறது. மீட்டிய ஒலி சில நொடிகளில் தேய்கிறது. அது தேய்வதற்குள் இடக்கை வழுக்கியும் அசைத்தும் அதை உயிர்ப்பிக்க வேண்டும், ஆகவே காது வேறெங்கும் போக முடியாது. யாரும் கேட்க வேண்டும் என்பதில்லை, ஆகவே தோல்வி என்று ஒன்றில்லை. கடுமையான மனச்சோர்வுக்கு மருத்துவரும் மருந்தும் தேவை. கூச்சின் அதற்கு மாற்று அல்ல. இதைச் சொல்லாமல் பாடம் எடுக்கிறவரிடம் போகாதீர்கள்.

ஓயாங் தன் மூன்று கூச்சின்களைப் பற்றிக் கசப்போடு சொன்ன ஒன்றும் உண்டு. யீலிங் என்ற சிற்றூரில் ஏறக்குறைய நாடுகடத்தப்பட்டவராகப் பணியாற்றியபோது கையில் இருந்தது சாதாரணக் கூச்சின். எதிரே மலை, ஆறு. மனம் இலேசாக இருந்தது. பதவி உயர உயர விலையுயர்ந்த கூச்சின் வந்தது, கடைசியில் தாங் காலத்துப் புகழ்பெற்ற லேய் குடும்பத்துக் கைவேலையே வந்தது. மகிழ்ச்சி மட்டும் குறைந்துகொண்டே போனது. பழைய கூச்சினை விற்றுவிட்டு விலையதிகமான ஒன்றோடு மறுபடி தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

தாளம் இல்லாத ஏடு

புலம்பெயர்ந்த சீனக் குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் கூச்சினுக்கு வரும்போது வழக்கமாக ஒரு கூச்சம் இருக்கும்: எழுத்து தெரியாது, தாத்தாவின் வட்டாரமொழியும் போய்விட்டது, எப்படி ஏட்டைப் படிப்பது? இங்கே கூச்சின் ஒரு நல்ல காரியம் செய்கிறது. அதன் ஏட்டில் இருப்பது சீன எழுத்துகளின் துண்டுகளைக் கோத்த கட்டங்கள். மேற்பாதியில் இடக்கையின் எந்த விரல், எந்த ஹுய். கீழ்ப்பாதியில் வலக்கையின் எந்த மீட்டு, எந்தத் தந்தி. பெய்ஜிங்கில் பிறந்து வளர்ந்தவரும் பயிலாமல் ஒரு கட்டத்தைக்கூடப் படிக்க முடியாது. எண்கள் பத்து, அடிக்கடி வரும் குறிகள் சில டஜன். இவை தெரிந்தால் மொழியே தெரியாதவரும் படிக்கலாம். ஏட்டின் முன்னால் இருவரும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

பாடமும் பேச்சை நம்பியதல்ல. ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே இரண்டு கூச்சின்களோடு உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசிப்பது பழைய முறை. மாணவர் ஆசிரியரின் மூச்சைப் பார்த்துத் தன் கையை நிறுத்துகிறார். ஹாங்காங்கில் ட்சார் தே யுன் (1905–2007) சீனப் பெருநிலத்தின் கொந்தளிப்புக்கு வெளியே பல பதிற்றாண்டுகள் மாணவர்களை உருவாக்கினார். பட்டுத்தந்தியைக் கைவிடாதவர்களில் அவரும் ஒருவர்.

ஏட்டில் இல்லாத ஒன்று தாளம். எங்கே விரல் வைப்பது என்பதுவரை துல்லியமாகச் சொல்லும் ஏடு, எவ்வளவு நேரம் நிற்பது என்பதைச் சொல்வதில்லை. ஆசிரியர் வழி அறுந்துபோன பாட்டை ஏட்டிலிருந்து மட்டும் எழுப்புவதற்குத் ‘தாபூ’ என்று பெயர். கட்டங்களை வாசித்து, விரல்கள் எங்கே இயல்பாக மூச்சு வாங்குகின்றன என்று பார்த்து, சொற்றொடர்களைப் பிரித்து, நூறு தடவை மாற்றி மாற்றி வாசித்துத் தாளத்தைக் கண்டடைய வேண்டும். சிறு பாட்டுக்கு மூன்று மாதம், பெரும்பாட்டுக்கு மூன்று வருடம் என்பது வாத்தியக்காரர்களின் வாய்மொழி. குவான் பிங்ஹு 1950களில் எழுப்பிய ‘குவாங்லிங் சான்’ அப்படி வந்ததுதான். இரண்டு பேர் ஒரே ஏட்டை எழுப்பினால் இரண்டு பாட்டு கிடைக்கும், இரண்டுமே தவறல்ல.

அதே குவான் வாசித்த ‘லியூ ஷுய்’ 1977இல் வாயேஜர் விண்கலங்களின் பொன் தட்டில் ஏறிக் கோள்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. 7 நிமிடம் 37 நொடி. அதில் அருவி கொட்டுவதுபோல் எல்லாத் தந்திகளையும் மாறி மாறி உருட்டும் பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிச்சுவான் பக்கத்து ஜாங் கோங்ஷான் சேர்த்தது, 1876இல் அச்சேறியது. பாட்டின் இன்றிருக்கும் மிகப் பழைய ஏடு 1425இல் மிங் இளவரசர் ஜு ச்சுவான் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. அதில் உருட்டல் கிடையாது. ஓயாங் ஷியூ இறந்து 353 வருடம் கழித்து வந்த ஏடு அது. கனவிலும் மறக்காமல் அவர் வைத்திருந்த ‘லியூ ஷுய்’ எப்படி நின்றது, எங்கே மூச்சு வாங்கியது என்பது அவர் விரல்களோடு போய்விட்டது. 1425 ஏட்டை முன்னால் விரித்துவைத்துக்கொண்டு உட்காருகிறவர் அந்த நிறுத்தங்களைத் தன் கையிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.